ஓரகடத்தில் எச்.ஆர். வேலை. தொழிலாளர் சட்டத்தில் மேற்படிப்பு: டிப்ளமாவா, எம்.ஏ.வா, எம்.எல்.லா?

செய்யாறு பையன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 27. எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஓரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். எக்ஸிகியூட்டிவாக இருக்கிறேன். பெயர்தான் எச்.ஆர்., பார்ப்பதெல்லாம் டைம் ஆபீஸ் வேலை. காலையில் பஞ்சிங் எடுப்பது, காண்ட்ராக்ட் ஆட்கள் எத்தனை பேர் குறைகிறார்கள் என்று ஏஜென்சிக்கு மெயில் போடுவது, ஈ.எஸ்.ஐ. நம்பர் இன்னும் வரவில்லை என்று வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்வது. நிரந்தரத் தொழிலாளர்கள் 180 பேர், காண்ட்ராக்டில் 400 பேர் பக்கம்.

போன மாதம் ஓர் ஆபரேட்டருக்கு சார்ஜ் மெமோ, அதாவது குற்றச்சாட்டுக் கடிதம், அடிக்கச் சொன்னார்கள். பழைய மெமோ ஒன்றைக் கையில் கொடுத்து, "பேரையும் டோக்கன் நம்பரையும் மட்டும் மாத்து" என்றார் மேனேஜர். அதில் நிலையாணை (ஸ்டாண்டிங் ஆர்டர், கம்பெனியின் வேலை நிபந்தனைகளும் ஒழுங்கு விதிகளும்) விதி என்று ஓர் எண் இருந்தது. அந்த நிலையாணை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை.

இந்தத் துறையை முறையாகப் படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. என் கண்ணில் படுகிற வழிகள்: டில்ஸ் என்று சொல்லும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் டிப்ளமா, அல்லது அங்கேயே எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை. இல்லையென்றால் மூன்று வருட சட்டப் படிப்பு முடித்து, சட்டத்தில் முதுநிலைப் பட்டமான எம்.எல்.லில் தொழிலாளர் சட்டம். வேலையை விட்டால் வீட்டில் சமாளிக்க முடியாது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் (லேபர் கோடு) அமலுக்கு வந்துவிட்டன. 29 பழைய சட்டங்கள் போய்விட்டன என்கிறார்கள். பாடப் புத்தகம் எல்லாம் இன்னும் 1947, 1948-ல் வந்த பழைய சட்டங்கள் என்றே இருக்கிறது. இப்போது போய்ச் சேர்ந்தால் செத்த சட்டத்தைப் படிப்பது போல ஆகிவிடாதா?

---

நைட் ஷிப்ட்:

படித்து என்ன கிழிக்கப் போகிறீர்கள் ப்ரோ. எல்லா கம்பெனியும் கம்ப்ளையன்ஸை கன்சல்டன்சிக்குக் கொடுத்துவிட்டது. மாதாமாதம் செலான், வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன், ஆய்வுக்கு யாராவது வந்தால் ஒரு போன் கால். எக்ஸல் நன்றாகத் தெரிந்தால் போதும். நானும் ஐந்து வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

---

கோவை வக்கீலம்மா:

தம்பி, என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். பீளமேடு பக்கம் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில்தான் நானும் ஆரம்பித்தேன். அப்புறம் சட்டம் படித்தேன், எம்.எல்.லில் தொழிலாளர் சட்டம் எடுத்தேன். இப்போது கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் தொழிலாளர் பக்கம் நிற்கிறேன். நிர்வாகங்களுக்கும் ஆஜராகியிருக்கிறேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை.

எந்தப் படிப்பு என்று கேட்கிறீர்கள். எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள் என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மேசைக்கு ஒரு பக்கம் நிர்வாகம், எதிர்ப்பக்கம் சங்கம், நடுவில் அதிகாரி. எம்.எல். படித்த எனக்கு அந்த அறையில் இடமே கிடையாது. 1947-ன் தொழிற்தகராறு சட்டத்தின் 36-வது பிரிவு சமரசத்தில் வக்கீல் வரக்கூடாது என்று வைத்திருந்தது. நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றம் அனுமதித்தால்தான் வக்கீல். உங்களைப் போன்ற ஒருவர் கம்பெனியின் அதிகாரி என்ற முறையில் அங்கே உட்காரலாம், பேசலாம், கையெழுத்துப் போடலாம். சம்பள ஒப்பந்தம் உருவாவது அந்த மேசையில்தான். ஆகவே எம்.எல். என்பது மேல்படி, டிப்ளமா கீழ்ப்படி என்று வரிசை போட வேண்டாம்.

இன்னொன்று, எம்.எல்.லுக்குச் சட்டப் பட்டம் முதலில் வேண்டும். அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்பு பகல் நேரம்தான். உங்களுக்குப் பக்கத்தில் புதுப்பாக்கம் கல்லூரி இருக்கிறது, ஆனாலும் 70 சதவீத வருகை இல்லாமல் பரீட்சை எழுத முடியாது. "வெளி மாநிலத்தில் சேருங்க, பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதும்" என்று ஒருவர் கட்டாயம் உங்களிடம் சொல்வார். அந்தப் பக்கமே போகாதீர்கள். வருகைப் பதிவேட்டைப் பொய்யாக எழுதி வாங்கின பட்டத்தோடு, இன்னொருவருடைய வருகைப் பதிவேட்டைப் பற்றி வாதாட வேண்டியிருக்கும். சட்டப் பட்டம் வாங்கினாலும், முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீலாகத் தொழில் செய்ய பார் கவுன்சில் விதி விடாது.

அதனால் உங்களுக்கு டிப்ளமா சரி. டில்ஸில் தொழிலாளர் நிர்வாக முதுநிலை டிப்ளமா மாலை நேரம், தொழிலாளர் சட்டமும் நிர்வாகச் சட்டமும் சேர்ந்த டிப்ளமா வார இறுதி என்று நடத்துகிறார்கள். ஓரகடத்திலிருந்து மாலை வகுப்புக்கு ஓடுவது உங்கள் ஷிப்டைப் பொறுத்தது, வார இறுதி ஒத்துவரும் என்று நினைக்கிறேன். எம்.ஏ. முழுநேரப் படிப்பு. இருபத்தொரு வயதில் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

இப்போது அந்த சார்ஜ் மெமோவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

என்னிடம் வந்த ஒரு விசாரணைக் கட்டைச் சொல்கிறேன். ஆலை எது என்பது வேண்டாம். மெமோவில் ஒரே வரி: "தாங்கள் பணியின்போது மேலதிகாரியிடம் ஒழுங்கீனமாக நடந்துகொண்டீர்கள்." எந்தத் தேதி, எந்த ஷிப்ட், என்ன பேசினார், யார் காதால் கேட்டார், ஒன்றும் இல்லை. இதற்கு அந்த ஆள் என்ன விளக்கம் எழுதுவார்? "அப்படி நடக்கவில்லை" என்று ஒரு வரிதான் எழுத முடியும், அதையே எழுதியிருந்தார். "விளக்கம் திருப்தியாக இல்லை" என்று அடுத்த கடிதம். விசாரணை அதிகாரி, அதே கம்பெனிக்கு மாதா மாதம் ஆலோசனை சொல்கிற வக்கீல். நடவடிக்கைக் குறிப்பு முழுக்க ஆங்கிலத்தில். எட்டாவது வரை தமிழில் படித்த மனிதர் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கையெழுத்துக்கு மேலே, "தமிழில் படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்" என்று, அதையும் ஆங்கிலத்திலேயே, ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து குத்தி வைத்திருந்தார்கள். ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேருக்குக் குத்தியிருப்பார்கள் என்று பாருங்கள்.

அந்த விசாரணை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. விசாரணை நியாயமாக நடந்ததா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். இல்லை என்று ஆகிவிட்டால், நிர்வாகம் நீதிமன்றத்திலேயே சாட்சி வைத்துக் குற்றத்தை முதலிலிருந்து நிரூபிக்க வேண்டும். அதற்குள் புகார் கொடுத்த சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், கூட நின்றவர் ஓய்வு பெற்றிருப்பார். குற்றம் நிரூபணமானாலும், வேலைநீக்கம் அதிகப்படியான தண்டனை என்று தோன்றினால் குறைக்க, அதே தொழிற்தகராறு சட்டத்தின் 11ஏ பிரிவில் 1971 முதல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது.

நைட் ஷிப்ட் தம்பி சொல்லும் கன்சல்டன்சி செலான் கட்டும். இந்த மெமோவை ஒழுங்காக எழுதித் தருமா? ஒருவர் வேலை போகிறது, கம்பெனிக்கு, அவர் வெளியே இருந்த பல வருடத்துக்கான பின்சம்பளம் தலையில் விழுகிறது. இரண்டும் அந்த முதல் காகிதத்தில் முடிவாகிவிடுகிறது. எக்ஸலில் இதற்கு ஃபார்முலா இல்லை.

தொகுப்புகள் வந்ததால் பழையது வீணா என்ற பயம் வேண்டாம். எண்கள் நிறைய மாறியிருக்கின்றன, அவற்றைப் புதிதாகத்தான் படிக்க வேண்டும். ஆட்குறைப்புக்கும் ஆலையை மூடவும் அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆகிவிட்டது. நிலையாணை கட்டாயமாவதற்கும் 300. எந்தத் தொழிலில் வேலைநிறுத்தம் செய்தாலும் 14 நாள் முன்னறிவிப்பு. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்குதான். வேலைநீக்கத்தை எதிர்த்து வர மூன்று வருடம் இருந்தது இரண்டாகிவிட்டது. இது தெரியாமல் நிறையப் பேர் கெடுவைக் கோட்டைவிடப் போகிறார்கள்.

ஆனால் சொற்கள் பெரும்பாலும் பழைய வீட்டுச் சாமான்கள்தான். ஆட்குறைப்பு என்றால் என்ன என்பதற்கு இன்றைக்கும் 1976-ல் வந்த சுந்தரமணி வழக்கிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அது ஸ்டேட் வங்கியில் தற்காலிகக் காசாளராக இருந்த ஒருவர் சென்னை உயர்நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. தவிர, பழைய சட்டத்தில் தொடங்கிய வழக்குகள் இன்னும் வருடக்கணக்கில் ஓடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற கடைசித் தலைமுறை உங்களுடையது. அதை லாபமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. டில்லிப் பதிப்பகங்களின் புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள், நம் மாநிலச் சட்டங்கள் அதில் அடிக்குறிப்பாகக்கூட வராது. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் முதல் 90 நாள் 50 சதவீதம், அப்புறம் 75 என்று மத்தியச் சட்டம் நின்றுவிடும். 1981-ல் தமிழ்நாடு போட்ட சட்டத்தில் 180 நாள் தாண்டினால் முழுச் சம்பளம். அதே 1981-ல் வந்த இன்னொன்று நிரந்தரத் தகுதிச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவர் நிரந்தரம். இப்போது புதிய தொகுப்பு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கலாம் என்கிறது. மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்த ஆள் 480 நாள் முடித்தால் என்ன? மாநிலச் சட்டம் நிற்குமா, பின்னால் வந்த மத்தியச் சட்டம் அதை அடித்துவிடுமா? அரசியலமைப்பின் 254-வது பிரிவை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சளைக்காமல் வாதாடலாம். எம்.எல். படிக்கிற பிள்ளைகள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு கேட்டு வந்தால் இதைத்தான் கொடுக்கிறேன். நீங்கள் டிப்ளமாவிலேயே இதைத் தொடலாம். 400 காண்ட்ராக்ட் ஆட்களுடைய பதிவேடு உங்கள் மேசையில் இருக்கிறது, எம்.எல். மாணவருக்கு அது கிடைக்காது.

---

ஓசூர் ரிட்டயர்டு:

வக்கீலம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் ஆலையில் தொழிலாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன்.

தம்பி, நீங்கள் சொன்ன ஒரு கணக்கு என்னை உறுத்துகிறது. நிரந்தரம் 180, காண்ட்ராக்ட் 400. மொத்தம் 580. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் தொழிலாளி என்றால் காண்ட்ராக்டர் மூலம் வந்தவரும் சேர்த்தி. அதன் 49-வது பிரிவுப்படி 500 பேர் இருந்தாலே நல அலுவலர் வைக்க வேண்டியிருந்தது. புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பில் அது 250. உங்கள் ஆலையில் நல அலுவலர் யார்? உங்கள் பதிவில் ஒரு வார்த்தைகூட இல்லையே.

வரம்பு பாதியாகிவிட்டதால் தகுதியுள்ள நல அலுவலருக்குத் தேவை கூடும். அதனால் எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் நல அலுவலர் விதிகளை எடுத்து, அந்தப் பட்டத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். டில்ஸ் படிப்புகளுக்கு அங்கே மதிப்பு உண்டு. தனியார் நிறுவனம் ஆன்லைனில் கொடுக்கிற சான்றிதழ் சுவரில் மாட்ட அழகாக இருக்கும், அவ்வளவுதான். அரசு வேலை ஆசை இருந்தால் குரூப் 2-ல் தொழிலாளர் உதவி ஆய்வர் பதவியையும் கண்ணில் வையுங்கள்.

விதிகளில் பொதுவாக இன்னொரு நிபந்தனையும் இருக்கும். பெரும்பான்மைத் தொழிலாளர் பேசும் மொழி நல அலுவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் காலத்தில் ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வேண்டியிருந்தது. இப்போது ஓரகடத்தில் இந்தியும் ஒடியாவும் கேட்கும் போலிருக்கிறது.

---

அம்பத்தூர் தோழர்:

மேசையின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சொல். நான் படித்தது ஐ.டி.ஐ., ஃபிட்டர். சங்க நிர்வாகி என்ற முறையில் அதே 36-வது பிரிவை வைத்து நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். ஆகவே பட்டம் இருந்தால்தான் சட்டம் என்பதில்லை.

ஆனால் மேற்படிப்பு என்கிற இடத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பாடத்தில் சட்டம் இருக்கிறது, உறவு இல்லை. 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். சம்பளம் ஒரு பக்கம், சங்கத்தைப் பதிவு செய்வதும் ஏற்பதும்தான் நடு விஷயம். பதிவு 2025 ஜனவரியில்தான் வந்தது. 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தைச் சொல்கிறோம். பின்னி ஆலை நிர்வாகம் அந்தச் சங்கத்தின் தலைவர் வாடியா மேல் வழக்குப் போட்டு முடக்கியதும்தான், சங்கத்துக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு கிளம்பி 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் நூறு வருடம் கழித்தும் சங்கத்தை ஏற்றுக்கொள் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த ஒரு சட்டம் இல்லாமலே இருந்தது. தொகுப்பில் 51 சதவீதம் உறுப்பினர் இருந்தால் பேச்சுவார்த்தைச் சங்கம் என்று இப்போது சொல்கிறார்கள். காண்ட்ராக்ட் ஆள் அதில் எந்தக் கணக்கில் வருவார் என்பதுதான் எங்கள் கவலை.

ஆகவே தோழர், எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் ஒரு வாயிற்கூட்டத்தையாவது கேட்டிலிருந்து இருபதடி தள்ளி நின்று முழுசாகக் கேளுங்கள். எச்.ஆர். ஆட்கள் செல்போனில் படம் எடுக்க மட்டும்தான் வருகிறார்கள்.

---

செய்யாறு பையன்:

இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. வார இறுதி டிப்ளமாவுக்கே விண்ணப்பம் போடலாம் என்று இருக்கிறேன்.

ரிட்டயர்டு சார், நீங்கள் சொன்னதும் மேனேஜரிடம் கேட்டேன். நல அலுவலர் என்று வேறொருவர் பெயர் ஃபைலில் இருக்கிறதாம். அவரை நான் பார்த்ததில்லை.

வக்கீலம்மா, இரண்டு கேள்வி. நிலையாணை எங்கள் கம்பெனியில் சான்று பெற்றதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், வகுப்பு தொடங்கும் முன்னால் நானாக எதைப் படிக்கலாம்?

---

கோவை வக்கீலம்மா:

முதல் கேள்வி சுலபம். சான்று பெற்றிருந்தால் சான்றளித்த அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பிரதி கம்பெனியில் இருக்க வேண்டும். பழைய நிலையாணைச் சட்டப்படி, ஆங்கிலத்திலும் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியிலும் வாசல் பக்கம் தனிப் பலகையில் ஒட்டியிருக்கவும் வேண்டும். பிரதி இல்லையென்றால் தொழிலாளர் துறையில் கேளுங்கள். சான்றே வாங்கவில்லை என்றாலும் ஒன்றும் முழுகிவிடாது, அதுவரை மாதிரி நிலையாணை பொருந்தும் என்று அதே பழைய சட்டத்தில் 12ஏ பிரிவு இருந்தது. ஆனால் அந்த மெமோவில் போட்ட எண் மாதிரி நிலையாணையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு கம்பெனி மெமோவிலிருந்து எடுத்த எண்ணாக இருந்தாலும் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த ஆபரேட்டரின் விளக்கம் வருவதற்கு முன்னால், குற்றச்சாட்டில் தேதி, நேரம், இடம் சேர்த்துத் திருத்திய மெமோ கொடுக்கலாம் என்று உங்கள் மேனேஜரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னால் அது உங்களுக்கும் உதவாது, அவருக்கும் உதவாது.

இரண்டாவதற்கு: புத்தகம் வாங்காதீர்கள். உங்கள் கம்பெனியில் கடைசியாகப் போட்ட சம்பள ஒப்பந்தம் தொழிற்தகராறு சட்டத்தின் 12(3) பிரிவிலா, 18(1) பிரிவிலா என்று பாருங்கள். சமரச அதிகாரி முன்னால் போட்ட 12(3) என்றால் சங்கத்தில் சேராதவரையும் கட்டுப்படுத்தும், தனியாகப் போட்ட 18(1) என்றால் கையெழுத்திட்டவர்களை மட்டும்தான் கட்டுப்படுத்தும். அந்த ஒப்பந்தத்தை முன்னுரையிலிருந்து இணைப்புப் பட்டியல் வரை வரி விடாமல் படியுங்கள். புரியாத வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு இங்கே கொண்டு வாருங்கள், கம்பெனி பெயரை மறைத்துவிட்டு.

அப்புறம், ஃபைலில் மட்டும் இருக்கும் அந்த நல அலுவலர் விஷயத்தை இந்தப் பொதுத் தளத்தில் மேற்கொண்டு எழுதாதீர்கள். ரிட்டயர்டு சாருக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்.